சேற்றில் இறங்கும் கைகளை யார் சோதிப்பது?

எண்ணூர் கழிமுகத்தைப் பற்றிப் பேசினால் உடனே ‘சுற்றுச்சூழல் பிரச்சினை’ என்கிறார்கள், தோழர்களே. அந்தச் சொல்லுக்குச் சாதி கிடையாது. அதனால்தான் எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.

வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் பல ஆண்டுகளாகக் கசிந்தன. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், பாதரசம், குரோமியம் உண்டு. இவை அலையோடு போய்விடாது. கழிமுகத்தின் நுண்ணிய களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும். தூர்வாரும்போதும் மண்ணின் அமிலத்தன்மை மாறும்போதும் திரும்ப வெளியே விடும். தண்ணீர் தெளிந்துவிட்டது என்று படம் காட்டுகிறவர்களுக்கு இது தெரியாதா என்ன?

அந்தச் சேற்றில் வலையும் படகும் இல்லாமல் இறங்கி, கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இருளர்கள். நம் கீழ்பென்னாத்தூர் பக்கம் கூலிக்குப் போகும் அதே மக்கள். 2022-இல் பசுமைத் தீர்ப்பாயம் சாம்பல் கசிவுக்கு மின்வாரியமே பொறுப்பு என்றது. 2023 டிசம்பரில் எண்ணெய் பரவியபோது படகுக்கு 10,000 ரூபாய், மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. படகை எண்ணத் தெரிகிறது. உடம்பையே கருவியாக வைத்துப் பிழைப்பவரை எந்தக் கணக்கில் எழுதுவது?

மண்ணைச் சோதித்து அறிக்கை போட்டால் போதாது. அதில் இறங்குபவர்களின் ரத்தத்தையும் அரசு செலவில் சோதித்து, முடிவை அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும். இருளர் குடியிருப்பின் பெயரே இல்லாத ‘சீரமைப்புத் திட்டம்’ எது வந்தாலும் ஆதரவுக் கையெழுத்துப் போடாதீர்கள்.