படிப்பு ஏறாத பிள்ளையும் பரம்பரைத் தொழிலும்

செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாக யுனெஸ்கோ 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் சேர்த்தது. மராட்டியர் கோட்டைகள் என்று 12 கோட்டைகளுக்குச் சேர்த்துக் கொடுக்கப்பட்ட அந்தப் பெருமையில், தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றேயாகும். ஊரார் இதற்குச் சந்தோஷப்பட்டது நியாயமே. ஆனால் நமக்கு ஒரு சந்தேகம். 1714-ல் மாண்ட தேசிங்கு ராஜன் பெயர் இன்றைக்கும் பாட்டிலும் கதையிலும் இருக்கிறது. ராஜகிரி மதிலுக்குக் கல் உடைத்தவன் பெயர் என்ன? மண் குழாய் பதித்துக் கல்யாண மகாலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன் பெயர் என்ன? யாருக்கும் தெரியாது. கையால் வேலை செய்பவனுக்கு நம் நாடு கொடுத்த மதிப்பு இவ்வளவுதான். இந்த மதிப்புக் கேடு இன்று பரீட்சையில் தவறிய பிள்ளைகளின் தலையில் எப்படி விடிகிறது என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

பத்தாவது வகுப்பு முடிவு வந்த மறுநாள் செஞ்சி நெல் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் எந்த வருஷமும் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்.

“என்ன அண்ணே, பையன் பாஸா?”

“கணக்குலே போயிடுச்சு தம்பி. அவனுக்குப் படிப்பு ஏறல. தலையெழுத்து.”

“அப்போ ஏன் கவலைப்படுறீங்க? நம்ம தொழில் இருக்குதே, அதுலே போட்டுடுங்க.”

இந்த ‘நம்ம தொழில்’ என்ற வார்த்தையைச் சற்றுக் கவனிக்க வேண்டும். கூலிக்காரன் மகனுக்கு அது நாற்றங்கால். சலவைக்காரர் மகனுக்கு அழுக்கு மூட்டை. சவரத் தொழிலாளி மகனுக்குக் கத்தியும் கத்தரிக்கோலும். பணக்காரன் வீட்டுப் பிள்ளையும் அதே கணக்கில் தவறுகிறான். அவனுக்குத் தலையெழுத்து இல்லை. தனி வாத்தியார் வருகிறார், மறு பரீட்சை வருகிறது, பணம் கட்டினால் காலேஜில் இடமும் வருகிறது. தவறு ஒன்று, தண்டனை மட்டும் இரண்டு. இது பிள்ளையின் மூளையைப் பொறுத்த விஷயமா, தகப்பன் பிறப்பையும் பையையும் பொறுத்த விஷயமா என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

முதலாவது, ‘படிப்பு ஏறாது’ என்று தீர்ப்புச் சொல்லுகிறவர்கள் எதைக் கொண்டு சொல்லுகிறார்கள்? பலகையில் எழுதியது கண்ணுக்குத் தெரியாத பிள்ளையும், காது மந்தமான பிள்ளையும் மக்கு என்றே பெயர் வாங்குகிறார்கள். டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடும் உண்டு. 2016-ல் வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பரீட்சையில் அதிக நேரம் கேட்கவும், சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஆள் கேட்கவும் வழி இருக்கிறது. இதற்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டுமே தவிர ஜோசியன் சீட்டு வேண்டியதில்லை. ஆனால் நம்மவர்கள் டாக்டரிடம் போவதற்கு முன் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். கிரகத்துக்கும் கணக்குப் பாடத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிற்க. உண்மையாகவே ஏட்டுப் படிப்பில் நாட்டமில்லாத பிள்ளைகளும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு நம் மாகாணத்தில் ஒரு பதில் 1953-ல் சொல்லப்பட்டது. முதல் மந்திரியாயிருந்த ராஜகோபாலாச்சாரியார் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தினம் 3 மணி நேரம். மீதி நேரம் பெற்றோர் தொழிலைப் பழக வேண்டும். படிப்பு வருகிறதா, வரவில்லையா என்றுகூடப் பார்க்காமல், பிறந்த வீட்டைப் பார்த்தே தொழில் நிர்ணயிக்கப்பட்டது. ஜனங்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பேர் வைத்தார்கள். பெரியார் கிளர்ச்சி செய்தார்; நாடே எதிர்த்தது. 1954-ல் ஆச்சாரியார் பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் ஒழிந்தது. நிறையப் படித்தவர் அப்பன் தொழிலுக்குப் போ என்றார். சிறு வயதிலேயே பள்ளியை விட்டவர் பள்ளிக்கூடங்களைத் திறந்தார். படிப்பு வேறு, புத்தி வேறு என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

திட்டம் ஒழிந்ததே தவிர, அந்த எண்ணம் ஒழிந்துவிடவில்லை. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்து விட்டார்கள். 2023-ல் மத்திய அரசாங்கம் 18 கைத்தொழில்களுக்கு ‘விஸ்வகர்மா’ என்ற பேரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பரம்பரைத் தொழிலாக இருக்க வேண்டும் என்பதையும், 18 வயதிலேயே சேரலாம் என்பதையும் ஆட்சேபித்துத் தமிழ்நாடு அதை அப்படியே ஏற்க 2024-ல் மறுத்தது. பிறப்புப் பாராத வேறொரு கைவினைத் திட்டத்தை 2025-ல், 35 வயதானவர்களுக்கு என்று தொடங்கிற்று. 18 வயது என்பது பிள்ளை காலேஜ் வாசலில் நிற்கும் வயதல்லவா? அப்போது கடன் பணத்தைக் காட்டி அப்பன் பட்டறைக்கு அழைத்தால் ஏழை எந்தப் பக்கம் போவான்?

கைத்தொழில் என்ன கேவலமா என்று சிலர் நம்மைக் கேட்கக்கூடும். கேவலமே அல்ல. தொழிலை நாம் ஒருபோதும் இழித்துச் சொன்னதில்லை. பிறப்பினால் ஒருவன் தலையில் தொழிலைக் கட்டுவதைத்தான் இழிவென்று சொல்லுகிறோம். கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு பள்ளிக்கூடத்துக்குப் பிடிக்காத பிள்ளை. ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் பூட்டிப் பழகினார். 1920-ல் பஸ் விட்டார். 1937-ல் மின்சார மோட்டார் செய்தார். அவர் பிறந்தது விவசாயக் குடும்பம். ‘நம்ம தொழில்’ என்று அவர் கையில் ஏரைக் கொடுத்திருந்தால் நாடு எதை இழந்திருக்கும்? அவர் ஒருவர் வென்றார் என்பதற்காக ஒவ்வொரு பிள்ளையையும் நடுத்தெருவில் விட்டுவிட முடியாது. அதற்கு ஏற்பாடு வேண்டும். ஜெர்மனியில் வாரத்தில் சில நாள் தொழிற்சாலையிலும் சில நாள் பள்ளியிலுமாகப் பிள்ளைகள் தொழில் கற்று, முடிவில் பரீட்சை எழுதிச் சான்று பெறுகிறார்கள். உன் பாட்டன் என்ன தொழில் செய்தான் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

நம்மிடமும் வழி இல்லாமலில்லை, தெரியாமல்தான் கிடக்கிறோம். பத்தாவதில் தவறியவன் அந்த வருஷமே துணைத் தேர்வு எழுதலாம். அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களில், அதாவது ஐ. டி. ஐ.களில், வெல்டர், வயர்மேன் முதலிய தொழில்களுக்கு எட்டாவது தேறியிருந்தால் போதும். பிட்டர், எலக்ட்ரீஷியன் தொழில்களுக்குப் பத்தாவது தேற வேண்டும். பத்தாவதுக்குப் பின் இரண்டு வருஷப் பயிற்சி முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம். அதை முடித்தவன் என்ஜினீயரிங் காலேஜிலும் அப்படியே நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம். ஆகவே ஸ்பானர் பிடித்த கைக்குப் படிப்பின் கதவு அடைபட்டுவிடவில்லை. 1961-ஆம் வருஷத்துச் சட்டப்படி தொழிற்சாலைகளில் உதவித் தொகையோடு பழகுநராகவும் சேரலாம். கல் வேலையில் ஆசையுள்ளவன் பன்னிரண்டாவது முடித்தால், அதைக் கற்பிக்க மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசாங்கக் கல்லூரியே இருக்கிறது. சிற்பி வீட்டில் பிறந்திருக்க வேண்டும் என்ற விதி அங்கில்லை.

பெண் பிள்ளைகளின் கதியோ இன்னும் மோசம். பையன் தவறினால் தொழில் தேடுகிறவர்கள், பெண் தவறினால் மாப்பிள்ளை தேடுகிறார்கள். 18 வயதுக்கு முன் கலியாணம் செய்வது 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்கட்டும். கணக்கில் 30 மார்க்கு வாங்கியதற்குத் தண்டனை பிள்ளை பெறுவதா? மேலே சொன்ன எல்லாப் பயிற்சியும் பெண்ணுக்கும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து மேலே ஐ. டி. ஐ. போகும் பெண்ணுக்கும் மாதம் 1000 ரூபாய் என்ற உதவியை 2022-லும், ஆணுக்கு 2024-லும் அரசாங்கம் தொடங்கிற்று. கேட்டு வாங்க வேண்டியது நம் கடமை.

ஆதலால் பெற்றோர்களே, பிள்ளை தவறிவிட்டால் அடிக்காதீர்கள், ஜாதகத்தைத் தொடாதீர்கள். கண்ணையும் காதையும் சோதியுங்கள். மறு பரீட்சைக்குப் பணம் கட்டுங்கள். எட்டாவதையாவது, கூடுமானால் பத்தாவதையாவது முடிக்காமல் எந்தத் தொழிலுக்கும் அனுப்பாதீர்கள். படம் பார்த்து அளவெடுக்கத் தெரியாத வெல்டரும், கணக்கு எழுதத் தெரியாத கொத்தனாரும் என்றைக்கும் பிறர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு, உனக்கு எதில் ஆசை என்று பிள்ளையையே கேளுங்கள். அவன் அப்பன் தொழிலையே கேட்டால் தாராளமாகச் செய்யட்டும். பத்து வழியைப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும் என்பதுதான் நமது நிபந்தனை.

ராஜகிரியில் கல் அடுக்கியவனுக்கு அந்த வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்ததில்லை. அவன் பெயரும் மிஞ்சவில்லை. அவன் பேரனுக்காவது இரண்டும் கிடைக்க வேண்டாமா?