கல்லுக்கா, கண்ணுக்கா?



ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நம் பத்திரிகைக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். மைலேஜ், சர்வீஸ், ரீசேல் எல்லாம் பின்னுக்குப் போய், டயர் முன்னுக்கு வந்து நிற்கும். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை சேற்றில் விளையாடப் போகிறவர்கள் அல்லர். பூம்பாறையில் பூண்டு மூட்டை ஏற்றுகிறவர், கடம்பூர் மலையில் காட்டாற்றைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகும் ஆசிரியர், வால்பாறையில் எஸ்டேட் வண்டி ஓட்டுகிறவர் என்று பிழைப்புக்காக மலையேறுகிறவர்கள். கேள்வி ஒன்றுதான்: “ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குக் கெட்டியான டயர் வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது. எதைப் போடலாம்?”

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியோடு வந்த அதே சைஸில், உள்ளூர்க் கடையில் எப்போதும் கிடைக்கும் கம்பெனியின் ஏ/டி டயர்; நான்கையும் ஒன்றாகப் போடுங்கள். கேட்கச் சப்பென்று இருக்கலாம். காரணங்களையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடையில் மூன்று ரகம் காட்டுவார்கள். எச்/டி என்பது தார் ரோட்டுக்கு. ஏ/டி என்பது தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானது. எம்/டி என்பது சேற்றுக்கென்றே வார்த்தது. பெரிய பெரிய பட்டன், நடுவே விரல் நுழையும் இடைவெளி. பார்த்தவுடன் மனம் எம்/டி பக்கம்தான் சாயும், வண்டிக்கு அப்படி ஒரு கம்பீரம் வந்துவிடும். ஆனால் அந்த இடைவெளிகள் எல்லாம் தார் ரோட்டைத் தொடாத இடங்கள். தொடுகிற ரப்பர் குறைந்தால் மழையில் பிரேக் பிடித்து வண்டி நிற்கும் தூரம் கூடும். இரைச்சல் கூடும், டீசல் கூடும், பட்டனும் சீக்கிரம் தேயும். நூறு கிலோமீட்டரில் தொண்ணூறு கிலோமீட்டர் தாரில் ஓடும் வண்டிக்கு எம்/டி போடுவது, கேஜ் வீலைக் கழற்றாமல் டிராக்டரை ரோட்டில் ஓட்டுவது மாதிரி.

உங்கள் மண் எது என்பதும் முக்கியம். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் நனைந்தால் ஏ/டியின் பள்ளங்களை அடைத்துக்கொண்டு டயரையே மொழுக்கென்று ஆக்கிவிடும். மழைக்காலம் முழுக்க அந்தக் காட்டுக்குள்ளேயே வண்டி நிற்கிறது என்றால் எம்/டி கேட்பதில் நியாயம் உண்டு. அதன் அகலமான பள்ளம் சக்கரம் சுழலச் சுழலச் சேற்றை வீசி எறியும். செம்மண்ணும் சரளையுமான மலைப்பாதைக்கு ஏ/டி போதும். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி மணலில் கதை தலைகீழ்: அங்கே பெரிய பட்டன் மணலைத் தோண்டித் தோண்டி வண்டியை அச்சு வரை இறக்கிவிடும். மணலில் காப்பாற்றுவது பட்டன் அல்ல, குறைத்த காற்று. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மலையில் டயர் சாவது பெரும்பாலும் சேற்றால் அல்ல, கல்லால். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் ஏறும் வழி கேரளத்துச் சூரியநெல்லியில் இருந்துதான். தோட்டத்துக்குள் நுழைந்த பிறகு வழி நெடுகப் பெயர்ந்த பாறை. விடியலுக்கு முன் சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டில் ஓர் ஓட்டுநர் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பட்டன்களுக்கு இடையில் சிக்கிய கற்களை ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார். “ஓடுறப்போ தானா விழுந்துடாதாண்ணே?” என்று கேட்டேன். “சிலது விழாது சார். உள்ளயே உக்காந்து தோண்டிக்கிட்டே போகும். கம்பி வரைக்கும் போயிருச்சுன்னா தண்ணி எறங்கும், துருப் புடிக்கும், அப்புறம் டயர் வயிறு ஊதிரும்” என்றார். பிறகு டயரின் உள்பக்கச் சைடு வாலைக் கண்ணால் பார்க்காமல் கையால் தடவிக்கொண்டே வந்தார். கிழிசல் இருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடுமாம்.

டயர் பொறியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதும் இதைத்தான். பட்டன் பகுதியில் ஆணி ஏறினால் பஞ்சர் போட்டுவிடலாம். சைடு வால் கிழிந்தால் டயரே போச்சு, அதை ஒட்டி ஓட்டக் கூடாது. ஆகவே கடையில் பட்டனைப் பார்க்கும் நேரத்தில் பாதியைச் சைடு வாலுக்குக் கொடுங்கள். பள்ளங்களின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் வார்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். அவை கல்லை உட்காரவிடாமல் வெளியே தள்ளுவதற்கு.

சைடு வாலில் அச்சடித்திருப்பதைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரரின் பேச்சுக்கு மயங்க வேண்டியதில்லை. 245/75 ஆர்16 என்ற ஒரே சைஸ் இரண்டு விதமாக வரும். சாதாரண ரகத்தில் 111 என்று இருந்தால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும். முன்னால் எல்டி என்று போட்டு, 120/116, 10 பிஆர் என்று இருந்தால் அது லைட் டிரக் ரகம். தனிச் சக்கரமாக 1,400 கிலோ, இரட்டைச் சக்கரமாக 1,250 கிலோ. இந்த ரகத்தில் அடுக்குகள் பலமானவை, கல் வெட்டை அதிகம் தாங்கும். பதிலுக்கு எடை கூடுதல், வெற்று வண்டியில் குலுக்கல் கூடுதல், விலையும் கூடுதல். அந்த 1,400 கிலோவும் 80 பிஎஸ்ஐ காற்று அடித்தால்தான். 35 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு எல்டி போட்டிருக்கிறோமே என்று மூட்டையை ஏற்றக் கூடாது. தினமும் பாரத்தோடு பாறையில் ஏறுகிறவருக்கு எல்டி லாபம். மாதம் ஒருமுறை தோட்டத்துக்குப் போகிறவருக்கு அது வீண் செலவு.

அடுத்து சைஸ். பொலிரோவின் 215/75 ஆர்15-ஐக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போடுவது பரவலான ஆசை. கணக்குப் போட்டால் டயரின் உயரம் 30 மில்லிமீட்டர் கூடுகிறது. அதில் பாதி மேல்பக்கம் போய்விடும். வண்டியின் வயிற்றுக்கு அடியில் கிடைப்பது 15 மில்லிமீட்டர்தான். அதற்கு விலையாக மீட்டர் 4 சதவீதம் குறைத்துக் காட்டும், ஏற்றத்தில் இழுவை குறையும், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் உரசலாம். கம்பெனி அனுமதிக்காத சைஸ் என்றால் எஃப்.சி.யிலும் இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் கேள்வி வரும். அகலம்தான் பலம் என்ற நினைப்பும் சரியில்லை. 1940களில் போர்க்களச் சேற்றைக் கடந்த ஜீப்புகள் ஓடியது 6.00-16 என்ற ஒடுக்கமான டயரில். இன்றைய ஜிம்னிக்கும் 195/80 ஆர்15தான். ஒடுக்கமான டயர் மேல் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியில் உள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும்.

நான்கும் ஒன்றாக என்று சொன்னதற்குக் காரணம் ஃபோர் வீல் டிரைவின் அமைப்பிலேயே இருக்கிறது. தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற வண்டிகளில் ஃபோர் வீல் போட்டவுடன் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். முன்னால் தேய்ந்த டயர், பின்னால் புது டயர் என்றால் சுற்றளவு வேறு. ஒன்று ஒரு சுற்றில் போகும் தூரம் மற்றதற்கு ஒத்துவராது. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். பிடிமானமான தரையில் வழுக்க முடியாது. இழுபறி முழுக்க டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல் விழும். இரண்டு டயரில் மிச்சம் பிடித்த காசு கியர் மெக்கானிக்கிடம் போய்ச் சேரும். 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுங்கள், ஸ்டெப்னி அதே சைஸாக இருந்தால் அதையும் சுற்றில் சேருங்கள். உள்ளூர்க் கடையில் கிடைக்கும் கம்பெனி என்று சொன்னதற்கும் காரணம் உண்டு: ஒன்று கிழிந்தால் அதே மாடல் மறுநாள் தேனியிலோ பொள்ளாச்சியிலோ கிடைக்க வேண்டும். வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கு 2020 ஜூனில் அரசு கட்டுப்பாடு போட்ட பிறகு, பெயர் தெரியாத இறக்குமதி டயரை ஒரு செட் வாங்கிவிட்டு ஐந்தாவதுக்கு அலைவது வீண் வேலை.

இனி மலிவுச் சரக்கு. மூன்று வழி உண்டு.

முதலாவது, பழைய ஸ்டாக். சைடு வாலில் ஒரு சின்ன முட்டைக்கோட்டுக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3124 என்றால் 2024-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம் செய்தது. ஒரு வருடப் பழசு, நிழலில் வைத்தது, விலை நன்றாகக் குறைகிறது என்றால் தயங்காமல் வாங்கலாம். நான்கைந்து வருடம் கடந்தது என்றால் பட்டன் எவ்வளவு புதிதாக மின்னினாலும் வேண்டாம். ஓடாமலே ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

இரண்டாவது வழியைத்தான் நான் அதிகம் சிபாரிசு செய்வேன். புது தார், புது கூர்க்கா எடுத்த கையோடு பெரிய டயர் மாற்றுகிறவர்கள் நகரங்களில் நிறைய. அவர்கள் கழற்றிப் போட்ட கம்பெனி டயர்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடியவை, டயர் கடைகளின் மாடியில் செட்டாகக் கிடக்கும். கோவையிலும் சென்னையிலும் விசாரித்தால் கிடைக்கும். நான்கிலும் ஒரே மாடல், அடுத்தடுத்த வாரத் தேதி, உள்பக்கம் பேட்ச் இல்லை, சைடு வாலில் வீக்கம் இல்லை என்று பார்த்து வாங்கினால் அதைவிடக் கொள்ளை லாபம் வேறில்லை.

மூன்றாவது, ரீபட்டன். லாரிக்கும் பஸ்ஸுக்கும் அது நல்ல வழி. அந்த டயர்களின் உடம்பு அதைத் தாங்கும்படி செய்தது, முதல் ஓட்டத்தின் சரித்திரமும் முதலாளிக்குத் தெரியும். யாரோ ஓட்டிய ஜீப் டயரில் ஒட்டிய ரீபட்டனுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. நீண்ட மலையிறக்கத்தில் டயர் சூடாகி, ஒட்டிய பட்டை உரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எஸ்டேட் வேலிக்குள் மெதுவாக உருளும் வண்டியின் பின்சக்கரத்துக்கு வேண்டுமானால் போடுங்கள். முன்சக்கரத்துக்கு வேண்டவே வேண்டாம்.

புது டயர்தான் என்று முடிவெடுத்தவர்கள் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது. வரிக்கு முன் 8,000 ரூபாய் என்றால் முன்பு பில் 10,240, இப்போது 9,440. டயருக்கு 800 ரூபாய், செட்டுக்கு 3,200. பில் கேட்டு வாங்குங்கள். வாரண்டிக்கும் அதுதான் சாட்சி.

விலையைக் கிலோமீட்டரால் வகுத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: 7,000 ரூபாய் டயர் 30,000 கிலோமீட்டரில் மொட்டையானால் கிலோமீட்டருக்கு 23 பைசா. 10,000 ரூபாய் டயர் 55,000 ஓடினால் 18 பைசா. எது மலிவு என்பது கடையில் அல்ல, ஓடிய பிறகுதான் தெரியும்.

கடைசியாக, காற்று. கல்லும் மணலும் வரும்போது 35-ஐ 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து தரையைக் கூடுதலாகப் பிடிக்கும். கூர்மையான கல்லின் மேல் விறைத்து நிற்காமல் வளைந்து கொடுக்கும். இதற்குப் பைசா செலவில்லை, சாதாரண ஏ/டியே வேறு டயராகிவிடும். ஆனால் குறைத்த காற்றோடு மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். 15-க்குக் கீழே இறக்கினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும் அபாயம் உண்டு. தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறுபடி நிரப்பியாக வேண்டும். எம்/டிக்கும் ஏ/டிக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு சின்னக் கம்ப்ரஸரும் காற்று அளக்கும் மானியும் வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பணம் வீணாகாது. எந்த டயர் போட்டாலும் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் இறங்குவதற்கு அது லைசென்ஸ் ஆகாது என்பதையும் இளைஞர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். கம்பெனிகளின் விளம்பரத்தில் எல்லா டயரும் எல்லா மலையும் ஏறும். நிஜக் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. எந்த வண்டி, எந்த டயர், என்ன விலைக்கு வாங்கினீர்கள், எந்தப் பாதையில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, கடைசியில் தேய்ந்து போனதா கிழிந்து போனதா, இந்த ஐந்தையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். மாவட்டவாரியாகத் தொகுத்து வெளியிடுகிறோம். ஜவ்வாது மலைக்காரரின் அனுபவம் கொல்லிமலைக்காரரின் ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தினால், நாம் பத்திரிகை நடத்துவதற்கு அதைவிட வேறென்ன பலன் வேண்டும்?

அன்புடன்,
ஆசிரியர்