ஒன்றால் பெருக்கினால் என்ன ஆகும்?

"மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் பெருக்கு, சமான பின்னம் கிடைக்கும்."

கணக்கு வகுப்பில் அதிகம் ஒப்பிக்கப்படும் விதிகளில் இதுவும் ஒன்று. விதி சரிதான். ஆனால் ஏன் அப்படி என்று பல பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. "எனக்குக் கணக்கே வராது" என்ற பேச்சு பலருக்கு இப்படிப்பட்ட இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

யோசிக்கிற பிள்ளைக்கு இங்கே ஒரு சந்தேகம் வந்தே தீரும். "டீச்சர், மூணால பெருக்கினா பெருசாகணும்ல? எப்படி அதே அளவா இருக்கும்?"

நியாயமான கேள்வி! 5-ஐ மூன்றால் பெருக்கினால் 15 ஆகிறது. 1/2 மட்டும் 3/6 ஆகி, அதே அரையாகவே நிற்பது எப்படி? "ரூல் அப்படித்தான், எழுது" என்று பதில் வந்தால், அந்தப் பிள்ளை அடுத்த முறை கேட்காது.

உண்மையில் அங்கே யாரும் மூன்றால் பெருக்கவே இல்லை. அரையை மூன்றால் பெருக்கினால் ஒன்றரை. பெருக்கியது 3/3-ஆல். ஒரு தோசையை மூன்று சமத் துண்டாக்கி, மூன்றையும் எடுத்துக்கொண்டால் முழுத் தோசை. ஆக, 3/3 என்பது 1. எந்த எண்ணையும் ஒன்றால் பெருக்கினால் அதே எண்தான். ஒன்று வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பாடத்தில் சமான பின்னம் முதலில் வரும். பின்னப் பெருக்கல் அப்புறம்தான். அதனால் முதல் நாளே "ஒன்றால் பெருக்குகிறோம்" என்றால் பிள்ளைக்குப் புரியாது. முதலில் காகிதத்தை மடிக்க வேண்டும். பாதியாக மடித்த தாளின் ஒவ்வொரு பாதியையும் மூன்றாக மடித்தால் மொத்தம் ஆறு கட்டம். பாதியில் மூன்று கட்டம். கட்டங்கள் மூன்று மடங்கு ஆயின, ஒவ்வொரு கட்டமும் மூன்றில் ஒரு பங்காகச் சிறுத்தது. பெருக்கல் பாடம் முடிந்த பிறகு திரும்பி வந்து, "அன்றைக்கு மடித்தது 1/2 × 3/3 தான்" என்று சொல்ல வேண்டும். இந்தத் திரும்பி வருவதுதான் நடப்பதில்லை.

காசிலும் இதைக் காட்டலாம். முன்பு ரூபாய்க்கு 16 அணா. கால் ரூபாய் என்றால் நாலணா, அதாவது 4/16. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 பைசா ஆனது. கால் ரூபாய் 25/100. இருந்தும் 25 பைசாவை ஜனங்கள் நாலணா என்றே சொன்னார்கள். அந்த நாணயம் 2011-இல் செல்லாமல் போனது. எண்கள் மாறினாலும் கால் ரூபாய் கால் ரூபாயாகவே இருந்தது.

காரணம் தெரியாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்கலாம் என்றால், ஒரே எண்ணைக் கூட்டினால் என்ன? 1/2-இல் மேலும் கீழும் 1 கூட்டினால் 2/3. மதிப்பே மாறிவிட்டது! விதியை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது ஏன் தப்பு என்று தெரிய வழியில்லை. 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுவதும் இதே குழப்பம்தான். 2/5 அரையைவிடச் சின்னது என்பது கூடக் கண்ணில் படாது.

இது ஆறாம் வகுப்போடு முடிவதும் இல்லை. மணிக்கு 72 கி.மீ. வேகத்தை விநாடிக்கு 20 மீட்டர் என்று மாற்ற, 5/18-ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். அந்த 5/18 எங்கிருந்து வந்தது? 1000 மீட்டர் என்பதும் 1 கி.மீ. என்பதும் ஒன்றே. 3600 விநாடி என்பதும் 1 மணி என்பதும் ஒன்றே. 1000/3600-ஐச் சுருக்கினால் 5/18. அங்கேயும் நடப்பது ஒன்றால் பெருக்குவதுதான். 1/√2-ஐ √2/√2-ஆல் பெருக்கி √2/2 ஆக்குவதும் அதேதான். காரணம் தெரிந்தவருக்கு இவையெல்லாம் ஒரே விஷயம். தெரியாதவருக்கு மூன்று தனித்தனி ஃபார்முலா.

"போர்ஷன் முடிக்கவே நேரமில்லை, இதற்கெல்லாம் எங்கே போவது?" என்பது ஆசிரியர்கள் பக்கத்து நியாயம். ஆனால் இதற்கு வேண்டியது ஒரு பீரியடும் சில காகிதத் தாள்களும்தான். அந்த ஒரு பீரியடை மிச்சம் பிடித்தால், பிள்ளை அதைப் பல வருஷம் மனப்பாடமாகக் கட்ட வேண்டியிருக்கும்.