சேலை ஒன்று, கணக்கு இரண்டா?

ஒரே பட்டுச் சேலையை இரண்டு பேருக்கு விற்க முடியுமா?

"அது எப்படி முடியும்?" என்று கேட்பீர்கள். இன்டர்நெட் கடை வந்த பிறகு முடிகிறது!

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 11 மணி. கல்யாண வீட்டார் வருகிறார்கள். அரக்கு நிறத் திருபுவனம் பட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் இன்டர்நெட் கடையில் அந்தச் சேலையின் படம் அப்படியே நிற்கிறது. 12 மணிக்குக் கோயம்புத்தூரில் ஓர் அம்மா செல்போனில் அதைப் பார்க்கிறார். மகளுக்குப் பிடித்துவிட்டது. பணத்தைக் கட்டிவிடுகிறார்.

இரவு கடை அடைக்கும்போதுதான் முதலாளிக்கு விஷயம் தெரிகிறது. "சேலை இல்லை, பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம்" என்று தகவல் போகிறது. அங்கே முகூர்த்தத்துக்கு இன்னும் நாலே நாள்! அந்தத் தாயின் மனம் என்ன பாடுபடும்?

கடைக்காரர் ஏமாற்றுக்காரர் அல்ல. சேலை ஒன்று, கணக்கு இரண்டு. அதுதான் கோளாறு.

கல்லணை சொல்லும் பாடம்

மில் துணி என்றால் ஒரே மாதிரி நூறு இருக்கும். ஒன்று போனால் இன்னொன்று எடுத்துக் கொடுக்கலாம். கைத்தறிப் பட்டு அப்படி அல்ல. பல சமயம் ஒரு நிறத்தில், ஒரு கரையில், ஒரே சேலைதான் இருக்கும். 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திருபுவனம் பட்டுக்குப் பெருமையே அதுதான். ஆகவே மற்றவர்களைவிட நம் ஊர் வியாபாரிகளுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

கல்லணைக்குப் போனவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அங்கே தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. ஒன்றில் விட்ட தண்ணீரை மற்றொன்றில் விட முடியாது. அதனால் எல்லா மதகுகளுக்கும் ஒரே கணக்கு. கடையும் அப்படித்தான். கல்லா ஒரு மதகு. இன்டர்நெட் இன்னொரு மதகு. சரக்கு ஒன்றே!

கணக்கு நமக்குப் புதிதல்ல. 1010-ம் ஆண்டில் பெரிய கோயிலைக் கட்டி முடித்த ராஜராஜ சோழன் என்ன செய்தான்? கோயிலுக்குக் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லால் நிறுக்கச் செய்தான். எடை எவ்வளவு, முத்து எத்தனை என்று கல்லில் வெட்டி வைத்தான். பொருளும் கணக்கும் ஒரே சுவரில்!

பணத்திலும் குழப்பம்

சேலையோடு தொல்லை முடிந்ததா? இல்லை. பணத்திலும் உண்டு.

ஒரு பெரிய இன்டர்நெட் சந்தை மூலம் 12,000 ரூபாய் சேலை விற்கிறது. 5 சதவீத ஜி.எஸ்.டி. 600 ரூபாய். வாங்குகிறவர் கட்டுவது 12,600. கமிஷன், கூரியர் எல்லாம் சேர்த்து 1,800 என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. சட்டப்படி அரை சதவீதம், அதாவது 60 ரூபாயையும் சந்தைக்காரர் பிடித்துக்கொள்வார். பாங்கிக்கு வந்து சேருவது 10,740. வருமான வரிப் பிடித்தம் இருந்தால் அது தனி.

இங்கேதான் கணக்குப்பிள்ளை ஏமாந்து போகிறார். வந்த 10,740 ரூபாயையே விற்பனை என்று எழுதிவிடுகிறார். விற்பனையும் தப்பு, வரியும் தப்பு! அந்த 60 ரூபாய் வியாபாரியின் பெயரில் அரசாங்கக் கணக்கில் இருக்கிறது. அவர் அதைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். எழுதி வைக்காதவர் எதைக் கேட்பார்? சேலை திரும்பி வந்துவிட்டாலோ, இத்தனையும் தலைகீழாக எழுத வேண்டும்.

வழி என்ன?

வழி இருக்கிறது. இன்டர்நெட் கடை, சரக்கு இருப்பு, பேரேடு மூன்றையும் கம்ப்யூட்டரில் இணைத்துவிடலாம். ஒவ்வொரு சேலைக்கும் ஓர் எண், ஒரு கோட்டுச் சீட்டு. கல்லாவில் சீட்டைக் கருவியில் காட்டியதும் இருப்பில் ஒன்று குறையும். இன்டர்நெட் கடையில் "விற்றுவிட்டது" என்று விழும். பேரேட்டில் விற்பனையும் வரியும் தனித்தனியே ஏறும்.

இதற்கான ஏற்பாடுகள் நம் நாட்டிலேயே உண்டு. பெங்களூரில் 1986-ல் பிறந்தது டேலி. 1996-ல் வேறு பெயரில் தொடங்கிய ஸோஹோவும் கணக்குக்கும் சரக்குக்கும் தனித்தனி ஏற்பாடுகள் வைத்திருக்கிறது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, தஞ்சை மாவட்டக் குடும்பத்தில் பிறந்தவர்!

"வாரம் இரண்டு சேலை விற்கும் எனக்கு இது எதற்கு?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயம்தான். அவருக்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதும். ஆனால் சேலை விற்ற அதே நிமிஷத்தில் படத்தை எடுத்துவிட வேண்டும். வியாபாரம் பெருகினால் கை தாங்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் மந்திரக்கோல் அல்ல. பில் போடாமல் ஒரு சேலையைக் கொடுத்தால் அதற்கு எப்படித் தெரியும்? முதலில் மனிதருக்குக் கணக்கில் ஒழுங்கு வேண்டும். பிறகுதான் கம்ப்யூட்டர்.

நெசவாளிக்கு என்ன லாபம்?

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் இது. எந்த நிறம் விற்கிறது, எது அலமாரியில் தூங்குகிறது என்று ஒன்றுபட்ட கணக்கு காட்டிவிடும். தூங்கும் நிறத்துக்கே மறுபடியும் பாவு கொடுத்தால், சரக்கு தேங்கும், பணம் முடங்கும், கடைசியில் தறி நிற்கும். தறி நின்றால் நெசவாளி வீட்டில் அடுப்பு எரியுமா?

சின்னச் சங்கங்கள் தனித்தனியாக இந்தச் செலவைத் தாங்க முடியாது. 1935-ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற பெரிய ஸ்தாபனமும் அரசாங்கமும் சேர்ந்து, எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவாக ஒரே கணக்கு ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும். வணிகவியல் படித்துவிட்டு வேலை தேடும் நம் ஊர்ப் பெண்களுக்கு அதில் உத்தியோகமும் கிடைக்கும்.

அழகான படம் பிடித்து இன்டர்நெட்டில் போட ஒரு நாள் போதும். நாணயமான கடை என்று பெயர் வாங்கப் பல வருஷம் ஆகும். அதை ஒரு சேலையில் இழக்கலாமா?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். இன்டர்நெட்டில் போட்டாலும் எண்ணிப் போடுங்கள்!