வண்டிக்குள் ஒளிந்திருக்கும் கண்

பணி ஓய்வுக்குப் பிறகு நான் வாங்கிய கார் புதியதல்ல. ஏழு ஆண்டுகள் ஓடிய வண்டி. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்தில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்வரவும், மனைவியை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லவும் அது போதும் என்று நினைத்தேன். சில மாதங்களில் ஒரு தொல்லை தொடங்கியது. ஒரு வாரம் ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடும். புதிய பேட்டரி மாற்றிய பிறகும் அதே கதைதான். கடைசியாகப் பார்த்த மெக்கானிக், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். ஒயர்களோடு ஒயராகக் கறுப்பு டேப் சுற்றிக் கட்டப்பட்டிருந்த, தீப்பெட்டி அளவுள்ள ஒரு பெட்டியை வெளியே எடுத்தார். அதற்குள் ஒரு சிம் அட்டை இருந்தது. 'நீங்க எங்க போறீங்கன்னு யாரோ பார்த்துக்கிட்டே இருந்திருக்காங்க சார்' என்றார்.

வண்டியை வாங்கிக் கொடுத்த தரகரிடம் கேட்டேன். 'முன்னாடி இருந்தவருக்குக் கடன் கொடுத்தவங்க வச்சதா இருக்கும் சார். கடன்தான் முடிஞ்சு போச்சே, இனிமே அதை யாரு பார்க்கப் போறா?' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும், நான் எந்த நாளில் எந்த மருத்துவமனைக்குப் போனேன், எத்தனை மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் கிளம்பினேன் என்பதெல்லாம், எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவரின் திரையில் மாதக்கணக்கில் ஒரு புள்ளியாக நகர்ந்திருக்கக்கூடும். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பொருளியல் மாணவர்களுக்கு நான் பல ஆண்டுகள் நடத்திய பாடம் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பழைய கார் சந்தையைப் பற்றியது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்தத் தகவல் ஏற்றத்தாழ்வு ஒரு சந்தையையே சீர்குலைக்கும் என்பது அதன் சாரம். அந்தத் துறையில் செய்த ஆய்வுக்காக 2001-இல் அவர் மேலும் இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அக்கர்லாஃப் சொன்ன ஏற்றத்தாழ்வு, விற்பனை நடக்கும் நாளோடு முடிந்துவிடும். வாங்கியவர் ஓட்டத் தொடங்கினால் குறை தெரிந்துவிடும். ஒளித்துவைத்த கருவி உருவாக்கும் ஏற்றத்தாழ்வோ விற்பனைக்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒவ்வொரு நாளும் வளர்கிறது.

இது வெறும் அச்சமல்ல. 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நொய்டா காவல் துறையினர் ஒருவரைக் கைது செய்தனர். ஒரே காரை இணைய விற்பனைத் தளம் வழியாகப் பலருக்கு விற்று, அதில் பொருத்திய ஜிபிஎஸ் கருவி மூலம் அது நிற்கும் இடத்தைக் கண்டறிந்து, கையில் வைத்திருந்த மாற்றுச் சாவியால் ஒவ்வொரு முறையும் திருடிச் சென்றார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. பூட்டு, சாவி, அலாரம் என்று நாம் நம்பியிருக்கும் பாதுகாப்பெல்லாம் அங்கே பயனற்றுப் போயின.

அதற்காக, இருப்பிடம் காட்டும் கருவியே தீயது என்று சொல்ல வரவில்லை. சம்பா அறுவடை தொடங்கியதும் சேலம், நாமக்கல் பக்கங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் அறுவடை இயந்திரங்கள் காவிரிப் படுகைக்கு வந்து சேர்கின்றன. பல லட்சம் ரூபாய் கடனில் வாங்கிய இயந்திரத்தை, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஓட்டுநரை நம்பி அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் உரிமையாளருக்கு, அது எந்த ஊரில் நிற்கிறது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரிய வேண்டும்தானே? மணிக்கணக்கில் வாடகை பேசும் தொழிலில் அந்தத் தகவல் விவசாயிக்கும் உரிமையாளருக்கும் இடையே பல சச்சரவுகளைத் தவிர்க்கிறது. கருவி இருப்பது ஓட்டுநருக்கும் தெரியும். 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பேருந்து, வாடகைக் கார் போன்ற பொதுப் பயன்பாட்டு வாகனங்களில் இருப்பிடக் கருவியும் அவசர பொத்தானும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. பயணியின் பாதுகாப்புக்காக, எல்லாரும் அறிய வைக்கப்படும் கருவி அது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்க் களத்தில் நெல்லைத் தூற்றிக் குவித்ததும், அம்பாரத்தின் மீது சாணிக் கரைசலால் குறி போடுவார்கள். இரவில் யாராவது ஒரு மரக்கால் அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். அதுவும் ஒரு கண்காணிப்புதான். ஆனால் குறி போட்டிருப்பது காவல்காரருக்கும் தெரியும், கூலிக்காரருக்கும் தெரியும், வழியில் போகிறவருக்கும் தெரியும். பொருளைக் காப்பதற்கு அது போதுமானதாக இருந்தது. மறைவாகப் பார்ப்பவர் பொருளை மட்டும் காப்பதில்லை. ஆளையும் பிடியில் வைத்துக்கொள்கிறார்.

கடன் கொடுப்போர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு என்பதையும் மறுக்க முடியாது. ஈடு காட்ட நிலமோ வீடோ இல்லாத ஓட்டுநருக்கு வண்டியே ஈடு. அந்த வண்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் கடன் கொடுப்பவரின் அபாயம் குறைகிறது. இல்லாவிட்டால் அந்தக் கடனே கிடைக்காமல் போகலாம். ஆனால் இந்த வாதம் வெளிப்படையாக வைத்த கருவிக்கு மட்டுமே பொருந்தும். 'கருவி பொருத்துகிறோம், அதற்கு ஈடாக வட்டியைக் குறைக்கிறோம்' என்று சொன்னால் அது ஒப்பந்தம். கடன் வாங்குபவர் பேரம் பேசலாம், ஏற்கலாம், மறுக்கலாம். இருப்பதே தெரியாத ஒன்றுக்கு யாராலும் விலை பேச முடியாது. மேலும், சில கருவிகளில் எங்கிருந்தோ எஞ்சினின் இயக்கத்தை நிறுத்தும் இணைப்பும் உண்டு. தவணை தவறியவரின் வண்டியை நிறுத்துவதற்காக வைத்த அந்த இணைப்பு, கடனே வாங்காத அடுத்த உரிமையாளரிடமும் வண்டியோடு சேர்ந்தே வந்துவிடுகிறது.

வீட்டுக்குள் நடப்பது இதைவிடக் கவலை தருவது. என் பழைய மாணவி ஒருவர் ஒரத்தநாடு சாலையில் உள்ள ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். வழியில் ஒரு தோழியின் வீட்டில் இருபது நிமிடம் நின்றுவிட்டு வந்த நாளில், 'அங்க என்ன வேலை?' என்று கணவர் கேட்டாராம். ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் கருவி இருந்தது பிறகுதான் தெரிந்திருக்கிறது. 'எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தான்னு சொல்றார் சார். பாதுகாப்புன்னா ஏன் எங்கிட்ட சொல்லாம வைக்கணும்?' என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

சட்டத்திடம் இருக்கிறதா என்று தேடினேன். தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பிணையில் வந்தவர் தன் இருப்பிடத்தைக் கூகுள் வரைபடம் வழியாகக் காவல் அதிகாரிக்குத் தொடர்ந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று 2024 ஜூலையில் ஃபிராங்க் விட்டஸ் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. அமெரிக்க உச்சநீதிமன்றமும் 2012-இல் ஜோன்ஸ் வழக்கில், ஒருவர் பயன்படுத்திய வாகனத்தில் காவலர்கள் ஜிபிஎஸ் கருவி ஒட்டி 28 நாள்கள் பின்தொடர்ந்ததை அரசியல் சாசனத்தின்படி 'சோதனை' என்றே கருத வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவரை அரசே தடையின்றிப் பின்தொடரக் கூடாது என்ற கோடு இவ்வாறு வரையப்பட்டிருக்கிறது.

ஆனால் பின்தொடர்பவர் அரசாக இல்லாமல் கணவராகவோ, பழைய உரிமையாளராகவோ, கடன் வசூலிப்பவராகவோ இருந்தால்? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு, பெண்ணைப் பின்தொடர்வதைக் குற்றமாக்குகிறது. அவர் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டியும் பின்தொடர்ந்து மீண்டும் மீண்டும் தொடர்புகொள்ள முயல்வது, அவருடைய இணையம், மின்னஞ்சல் உள்ளிட்ட மின்னணுத் தகவல்தொடர்பைக் கண்காணிப்பது ஆகியவற்றைப் பற்றி அது பேசுகிறது. அவரது வண்டியில் ஒரு கருவியை ஒளித்துவைத்துவிட்டு, தொடர்பே கொள்ளாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பவரைப் பற்றி அதில் வெளிப்படையான சொல் இல்லை. பாதிக்கப்பட்டவர் ஆணாக இருந்தால் அந்தப் பிரிவே பொருந்தாது.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் ஒப்புதல் சுதந்திரமானதாகவும், விவரம் அறிந்து தரப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. தேவைக்கு மேல் தரவு திரட்டக் கூடாது என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. தனிநபர் ஒருவர் சொந்த அல்லது குடும்பத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்ற விலக்கும் அதில் இருக்கிறது. கடன் நிறுவனத்தைக் கேள்வி கேட்க வழி திறக்கும் அதே சட்டம், ஸ்கூட்டருக்கு அடியில் கருவி வைத்த கணவருக்கு முன்னால் வாய்மூடி நிற்க வாய்ப்பிருக்கிறது. என் மாணவிக்கு இன்று ஓரளவு கைகொடுக்கக்கூடியது, உணர்வுரீதியான கொடுமையையும் வன்முறையாகக் கருதும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம்தான்.

பெரிய சட்டத் திருத்தங்களுக்குக் காலம் ஆகும். ஆனால் உடனே செய்யக்கூடிய சிறிய மாற்றம் ஒன்று உண்டு. பழைய வாகனம் கைமாறும்போது படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றை நிரப்புகிறோம். கடன் முடிந்தால் பதிவுச் சான்றிதழிலிருந்து கடன் குறிப்பை நீக்க, கடன் கொடுத்தவரும் உரிமையாளரும் படிவம் 35-இல் கையொப்பமிடுகிறார்கள். இந்தப் படிவங்களில் ஒரு வரி சேர்த்தால் போதும்: 'இந்த வாகனத்தில் இருப்பிடம் காட்டும் கருவி இல்லை, இருந்தது அகற்றப்பட்டது, அல்லது அதன் முழுக் கட்டுப்பாடு புதிய உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.' பொய்யாகக் கையொப்பமிட்டால் தண்டனை என்றும் இருக்க வேண்டும். இதற்குப் புதிய அலுவலகமோ புதிய வரியோ தேவையில்லை.

அதுவரை நம் வண்டியை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சிம் அட்டையோடு இயங்கும் கருவிகளுக்குத் தொடர்ந்து மின்சாரம் வேண்டும். ஆகவே பேட்டரி முனைகளிலிருந்து கூடுதலாக ஏதேனும் ஒயர் போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து ஸ்டீயரிங்குக்குக் கீழே மெக்கானிக்குகள் ஸ்கேனரை இணைக்கும் முனை, டேஷ்போர்டின் பின்புறம், இருக்கைகளின் அடிப்பகுதி, டிக்கியில் மாற்றுச் சக்கரம் வைக்கும் குழி ஆகியவை. காந்தத்தால் ஒட்டும் கருவிகள் பம்பரின் உட்புறத்திலும் சக்கரங்களுக்கு மேலே உள்ள வளைவுகளிலும் இருக்கக்கூடும். டார்ச் விளக்கும் அரை மணி நேரமும் போதும். ஐயம் இருந்தால் நம்பிக்கையான மெக்கானிக்கை அழைக்கலாம்.

புளூடூத்தில் இயங்கும் சிறு வில்லைகளுக்கு வேறு வழி உண்டு. தொலைந்த சாவியைத் தேடுவதற்காக ஆப்பிள் நிறுவனம் 2021 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய ஏர்டேக், பிறரைப் பின்தொடரப் பயன்படுகிறது என்ற புகார்கள் பல நாடுகளில் எழுந்தன. அதனால் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து, அறியாத வில்லை நம்மோடு பயணித்தால் கைப்பேசியே எச்சரிக்கும் ஏற்பாட்டை 2024 மே மாதம் கொண்டுவந்தன. அந்த எச்சரிக்கை வந்தால் அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் சிம் அட்டைக் கருவியை அது காட்டாது. புதிய வகைக் கார்களில் நிறுவனமே இணைய இணைப்பைப் பொருத்தித் தருகிறது. அப்படிப்பட்ட காரைப் பழையதாக வாங்கினால், முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டதா என்று உறுதி செய்ய வேண்டும்.

கருவி கிடைத்தால் பிடுங்கி எறிந்துவிடக் கூடாது. இருந்த இடத்திலேயே படம் எடுத்து, அதன் மீதுள்ள எண்களைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் தர வேண்டும். சிம் அட்டை யார் பெயரில் உள்ளது என்பதை அவர்களால் கண்டறிய முடியும். வீட்டில் வன்முறைக்கு அஞ்சும் பெண்கள், கருவியை அகற்றுவதே பார்ப்பவருக்கு எச்சரிக்கையாகிவிடும் என்பதை நினைவில் கொண்டு, முதலில் 181 என்ற மகளிர் உதவி எண்ணில் ஆலோசனை கேட்பது நல்லது. வாடகை வாகனங்களில் சட்டப்படி பொருத்திய கருவியை மட்டும் யாரும் அகற்றக் கூடாது.

என் காரில் கிடைத்த பெட்டியை நானும் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். எழுத்தர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இதை எந்தப் பிரிவுல சார் போடுறது?' என்று கேட்டார். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். சட்டம் இயற்றுவோர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.