பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்

தமிழ்நாடு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநர் அவர்களுக்கு,

திருப்பூர் வட்டாரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் ஆம்புலன்ஸ் அறையில் வேலை பார்க்கும் செவிலியர் நான். அதற்கு முன் ஒரு பஞ்சாலையில் இருந்தேன். உங்கள் துறை ஆய்வாளர்கள் வருகிற நாளில் எங்கள் அறை கல்யாண வீடு மாதிரி இருக்கும். முதலுதவிப் பெட்டியைத் திறப்பார்கள், மருந்துகளின் காலாவதித் தேதியைப் பார்ப்பார்கள், கட்டிலும் ஸ்ட்ரெச்சரும் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள், என் நர்சிங் கவுன்சில் சான்றிதழைக் கேட்பார்கள். எல்லாம் சரியாக இருக்கும். மேசைமேல் இருக்கும் தினசரிப் பதிவேட்டில் ஒரு கையெழுத்தும் விழும். அதை உட்கார்ந்து படித்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, பணியிடப் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான புதிய சட்டத் தொகுப்பும் அந்த 500-ஐ மாற்றவில்லை. அறை இருக்கிறது. டாக்டர் வாரத்தில் சில நாள் வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறார். மற்ற நேரமெல்லாம் நாங்கள்தான். டாக்டர் ஆளைப் பார்க்கிறார். ஒரே லைனிலிருந்து, ஒரே வாரத்தில், ஒரே வலியோடு எத்தனை பேர் வந்தார்கள் என்பது எங்கள் நோட்டில்தான் இருக்கிறது.

பஞ்சாலையில் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை பார்ப்பவர், வார லீவு முடிந்து வந்த அன்று "நெஞ்சு இறுக்கிப் புடிக்குதுங்க சிஸ்டர்" என்பார். மறுநாள் சரியாகிவிடும். அடுத்த வாரம் அதே கிழமையில் மறுபடி வருவார். ஒரு நாள் பக்கத்தை மட்டும் பார்த்தால் அது சளி. மூன்று மாதப் பக்கங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் தொடங்குகிறதோ என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. லீவில் தூசியில்லாமல் இருந்த நுரையீரல், திரும்பி வரும் முதல் நாளில்தான் அதிகம் திணறும். முற்றிய பிறகு எல்லாக் கிழமையும் திணறும். அந்த நிலைக்குப் போன மூச்சு பழையபடி திரும்புவது கடினம். இந்த நோய் தெரியவந்தால் மருத்துவர் உங்கள் அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று பழைய சட்டத்தின் 89ஆம் பிரிவு சொல்லியிருந்தது. தெரியவருவதற்கு முதலில் யாராவது கிழமையை எண்ணியிருக்க வேண்டுமே!

பனியன் கம்பெனியில் கதை வேறு. விரலில் ஊசி ஏறிவிட்டது என்று ஓடிவருவதை எல்லோரும் கவனிப்பார்கள், ரத்தம் தெரிகிறதல்லவா? நீர்க்கடுப்பை யாரும் கவனிப்பதில்லை. பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போக டோக்கன் வாங்க வேண்டும், டோக்கனுக்கு சூப்பர்வைசரின் முகத்தைப் பார்க்க வேண்டும். நீர்க்கடுப்புக்கு மாத்திரை என்னிடம் இருக்கிறது, டோக்கன் அவரிடம் இருக்கிறது. செக்கிங்கில் கறை எடுக்கும் ஸ்ப்ரே கன்னைப் பிடித்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதன் நெடியில் தலைவலி வரும். அந்தத் தலைவலிக்கு நல்ல மருந்து எக்ஸாஸ்ட் ஃபேன். அதை வாங்கச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. பாராசிட்டமால் கொடுக்கும் அதிகாரம்தான் இருக்கிறது.

2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் வெளியிட்ட செய்தி உங்கள் துறைக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் இருந்த ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசியதில், அத்தனை பேருக்கும் மாதவிடாய் வலிக்குப் பெயரில்லாத மாத்திரைகள் வேலை இடத்திலேயே தரப்பட்டிருந்தன. என்ன மாத்திரை, பக்கவிளைவு என்ன என்று கேட்கவும் சொல்லவும் ஆளில்லை. வலியோடு வந்த பெண்ணைப் படுக்க வைத்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மாதா மாதம் இப்படித்தானா, ரத்தப்போக்கு எப்படி, ரத்தசோகை இருக்கிறதா என்று விசாரிக்க அரை மணி நேரம் வேண்டும். லைனில் அரை மணி என்பது எத்தனை பீஸ் என்று கணக்குப் போடுபவர்களுக்கு மாத்திரை மலிவு. அந்த இடத்தில் 'முடியாது' என்று சொல்லக்கூடிய ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவர் செவிலியராகத்தான் இருக்க முடியும்.

ஆனால் நான் யாருக்குக் கீழே இருக்கிறேன்? எச்.ஆர். மேலாளருக்குக் கீழே. என் சம்பளம், லீவு, வேலை எல்லாம் அவர் கையில். ஒருவரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று நான் எழுதினாலும் சூப்பர்வைசர் கையெழுத்து இல்லாமல் கேட் பாஸ் கிடைக்காது. லீவு கேட்டவருக்கு நிஜமாகவே காய்ச்சலா, சும்மா சொல்கிறாரா என்று பார்த்துச் சொல்லச் சொல்கிறார்கள். ஒரு முறை அப்படி ஆள்பிடித்துக் கொடுத்தால் போதும், அப்புறம் என்னிடம் யார் உண்மையைச் சொல்வார்கள்? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 161ஆம் உடன்படிக்கை இதை 1985லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: தொழில்சார் சுகாதாரப் பணியில் இருப்பவர்கள் முதலாளியைச் சாராமல் தங்கள் தொழிலைச் செய்ய வேண்டும், விடுப்பின் காரணம் உண்மையா என்று துப்பறியும் வேலையை அவர்களிடம் தரக்கூடாது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. ஒரு மாநிலம் தன் விதிகளில் இதை எழுதிக்கொள்ள ஏன் தயங்க வேண்டும்?

இந்த வேலையின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன். 1878இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் கோல்மன் கடுகுக் கம்பெனி ஃபிலிப்பா ஃபிளவர்டே என்ற செவிலியரை வேலைக்கு வைத்தது. காலையில் ஆலை மருந்தகத்தில் டாக்டருக்கு உதவி, பிறகு நோயுற்ற தொழிலாளிகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. ஆலைச் செவிலியர் நாற்காலியை விட்டு எழுந்து நடந்த காலம் அது. என்னை அறையை விட்டு ஃப்ளோருக்குப் போகவே விடுவதில்லை.

2024 ஜனவரியில் அரசு தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம். கம்பெனிக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்க்கிறார்கள். சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த பிறகு, ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் நைட் ஷிப்ட் என்று மாறும் அம்மா எந்த வேளைச் சாப்பாட்டோடு மாத்திரை போடுவார் என்பது அடுத்த கேள்வி. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க முடியும். ஒடிசா, பீகார் பிள்ளைகள் வந்தால் அதுவும் முடிவதில்லை. எனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையில் வயிற்று வலியும் தலைவலியும்தான் அடக்கம். அவர்கள் பெயருக்கு நேராக அவை இரண்டும்தான் பதிவாகின்றன, உண்மையில் என்ன வலியோ!

புதிய தொகுப்பின் மாநில விதிகளைப் பற்றிப் பேச்சு நடக்கும் நேரம் இது. ஓய்வு வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று செவிலியர் எழுதினால் வேறு கையெழுத்து கேட்கக்கூடாது என்று விதியில் ஒரு வரி சேருங்கள். அபாயகரமான ஆலைகளில் டாக்டருக்கு ஏ.எஃப்.ஐ.எச். என்ற தொழில்சார் சுகாதாரப் படிப்பைக் கேட்பதுபோல் எங்களுக்கும் ஒரு குறுகிய பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள். தரமணியில் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது, இடத்துக்குப் பஞ்சமில்லை. என் நோட்டில் பெயரோடு இருப்பது எனக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிய வேண்டும். எந்தப் பிரிவில் எந்தத் தொந்தரவு எத்தனை பேருக்கு என்ற மாதக் கணக்கு மட்டும், பெயர் இல்லாமல், கம்பெனிக்கும் உங்கள் துறைக்கும் போகட்டும். இவற்றில் எதுவும் உடனே ஆகாது என்றால், அடுத்த ஆய்வுக்கு வருபவரிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று மாதப் பக்கங்களைப் படித்துவிட்டு, என்னை எச்.ஆர். இல்லாத இடத்தில் வைத்துப் பத்து நிமிடம் விசாரிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு கம்பெனி நர்ஸ்,
திருப்பூர் மாவட்டம்