பத்து நிமிஷ வேலையாம்!

என் மாருதி 800, 1997-ம் வருஷத்து வண்டி. பின் சீட்டைக் கழட்டிட்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு முருங்கைக்காய் ஏத்திட்டுப் போறது அதுலதான். போன வாரம் பின் சக்கரத்துல பிரேக் ஆயில் கசிஞ்சுது. சென்னையில இருக்கிற மச்சினன் ஃபோன்ல சிரிச்சான். "மாமா, வீல் சிலிண்டர் மாத்துறது பத்து நிமிஷ வேலை. வீடியோ பாத்து நீங்களே பண்ணுங்க. மெக்கானிக்குக்கு எதுக்கு தண்டக் கூலி?"

பார்த்தேன். வீடியோவுல ஸ்பேனரை வச்சதும் நட்டு வெண்ணெய் மாதிரி சுத்துது. முன்னாடியே ஒரு தடவை கழட்டி வச்சுட்டுத்தான் படம் புடிச்சிருப்பாங்களோன்னு இப்பத்தான் தோணுது.

என் வண்டியில ட்ரம்மைத் தட்டித் தட்டி எடுக்கவே மத்தியானம் ஆச்சு. அடுத்தது பிரேக் குழாய் நட்டு. பத்தாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினா, நட்டோட குழாயும் சேர்ந்து முறுக்குது. ரெண்டும் துருவேறி ஒண்ணாயிருச்சு. இன்னொரு அழுத்து, குழாய் ஒடிஞ்சு கையோட வந்துருச்சு.

தோத்துப்போய் மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் வர்றதுக்குள்ள, பம்புசெட் சாமான் கழுவுற பழக்கத்துல புது சிலிண்டரை டீசல்ல கழுவி வச்சிருந்தேன். பார்த்ததும் தலையில கை வச்சுட்டார்.

"அண்ணே, உள்ள ரப்பர் வாஷர் இருக்கு. டீசல் பட்டா ஊதிப்போகும். பிரேக் இறுகிக்கும், இல்லைன்னா ஒழுகும். இதை பிரேக் ஆயில்லதான் கழுவணும்."

புதுக் குழாய், மறுபடி ஒரு சிலிண்டர். என் வீட்டுக்காரம்மா பெடலை மிதிக்க மிதிக்க அவர் ஏர் எடுத்து முடிச்சார். கேட்ட கூலியைப் பேரம் பேசாம கொடுத்தேன்.

பட்டணத்துல இருக்கிறவங்களை ஒண்ணு கேக்குறேன். பத்து நிமிஷம்னு எதை வச்சு எண்ணுறீங்க? மாட்டுறதுக்குப் பத்து நிமிஷம் சரி. பழைய வண்டியில வேலையே கழட்டுறதுலதானே இருக்கு? எந்த நட்டு ஒடியும், எதுல எதைத் தொடக்கூடாதுன்னு தெரிஞ்ச கைக்குத்தான் அந்தக் கூலி.

எங்க விளைச்சலுக்கும் இதே கணக்குத்தான் போடுறீங்க. "முருங்கை தானா காய்க்குது, அதுக்கா இந்த விலை?" பூ நேரத்து மழையில பூ மொத்தமும் கொட்டுறதும், காத்துல கிளை முறியறதும், கம்பளிப்பூச்சி ஏறுறதும் உங்க கணக்குல வர்றதே இல்ல.

சொந்தக் கையால வேலை செய்யறதை நான் குறை சொல்லல. பிளக், ஏர் ஃபில்டர், இஞ்சின் ஆயில் எல்லாம் நானேதான் மாத்துறேன். அதுல தப்பு பண்ணினா வண்டி நிக்கும். பிரேக்குல தப்பு பண்ணினா வண்டி நிக்காது. டீசல்ல ஊறின அந்த சிலிண்டரை மாட்டிட்டு, பள்ளிக்கூடம் விடுற நேரத்துல நான் சந்தை ரோட்டுல போயிருந்தா? ரெண்டு நாளா ராத்திரி அதுதான் தூங்க விடல.

அடுத்த தடவை ஒருத்தரோட வேலையை "இவ்வளவுதானே"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, ஒரே ஒரு துருப்பிடிச்ச நட்டைக் கழட்டிப் பாருங்க.